காவினோ சொன்ன பொய்

அல்ஜியர்ஸ் கைதிக் கொட்டடியில் இருந்துகொண்டு ஆறு வருஷம் துறைமுகத்துக்குக் கல் சுமந்தவன் நான். பெயர் எஃபிஸ். சார்தீனியாவில் சூரை மீன் பிடித்துப் பிழைத்தவன். கொள்ளைக் கப்பல்காரர்கள் எங்கள் கரையில் இறங்கிய அன்று நானும் காவினோவும் ஒரே வலையருகில் பிடிபட்டோம். அப்போது என் மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணி. பிறந்தது ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது.

ஆறாவது வருஷம், ரமலான் மாதத்தில், கைதிகளை மீட்கும் துறவி ஒருவர் வந்து இறங்கினார். கொண்டுவந்த பணமெல்லாம் கரைந்து, கடைசியில் இன்னும் ஒரே ஒருவனை மீட்கத்தான் மிச்சம் இருந்தது. வரிசையில் நானும் காவினோவும் நின்றோம். அந்தத் துறவிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. மதம் மாறிவிடுவான் என்று யாரைப் பற்றிப் பயமோ அவனுக்குத்தான் முதலிடம். உறுதியாக இருப்பவன் காத்திருக்கலாம், அவனை ஆண்டவர் பார்த்துக்கொள்வார். இது அன்று எனக்குத் தெரியாது. கொட்டடிக் கோவிலில் ஒரு பூசைகூடத் தவறவிடாதவன் என்ற பெருமையில் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன், மடையன்.

துறவி என் பெயரைக் கேட்பதற்குள் காவினோ முந்திக்கொண்டான்.

"சாமி, இவன மொதல்ல கூட்டிட்டுப் போயிருங்க. இன்னும் ஒரு வாரம் விட்டா தலப்பாகை கட்டிருவான்."

"டேய், என்னடா உளர்ற?"

"பகல்ல பச்சத்தண்ணி பல்லுல படல சாமி. பதினோரு நாளா நோன்பு."

"பல்வலி சாமி! கன்னத்தப் பாருங்க, எப்படி வீங்கிருக்கு!"

"எல்லாரும் இப்படித்தான் ஏதாவது சொல்லுவாங்க" என்றான் காவினோ, வருத்தமாக. "எசமான் வீட்டுல பொண்ணு வேற தர்றதாப் பேச்சு."

என் எசமான் மூசா ரயீஸுக்குப் பெண்ணே கிடையாது, மூன்றும் பையன்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. மாதாமேல் சத்தியம் செய்தேன், சிலுவை போட்டேன், தொண்டை கிழியக் கத்தினேன். நான் கத்தக் கத்தத் துறவியின் முகத்தில் கவலை ஏறியது. பேனாவை மையில் தோய்த்து என் பெயரை எழுதிவிட்டு நகர்ந்தார்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. காவினோவின் சட்டையைப் பிடித்து அறையக் கை ஓங்கினேன்.

"கத்தாதடா, மாட்டிவிட்றாத" என்றான் அவன், தணிந்த குரலில். "போய் உன் புள்ள மூஞ்சியப் பாரு."

என் கை தானாக இறங்கியது.

"அப்ப நீ?"

"எனக்காக அங்க எவ அழுதிட்டிருக்கா? போடா. போனதும் மொதல்ல அந்தப் பல்லப் புடுங்கு."

எனக்கு அழுகைதான் வந்தது. அவன் இல்லையென்றால் நானும் அங்கேயே மண்ணாகியிருப்பேன். அடுத்த துறவிகள் போவதற்குள் கொள்ளை நோய் வந்து காவினோவைக் கொண்டுபோய்விட்டது.

துறவி எழுதியது ஊர்வரை வந்துவிட்டது. மதம் மாறப் பார்த்தவன் என்று ஊரில் என்னைத் துருக்கியன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். மறுத்தால் காவினோ பொய்யனாகிவிடுவான், அதனால் கேட்டுக்கொள்கிறேன். ஈஸ்டருக்கு முன்னால், பாவங்களை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில், எங்கள் பங்குச்சாமி வருஷம் தவறாமல் கேட்பார்.

"நெசமாவே மாறப் பாத்தியாப்பா?"

"ஆமா சாமி. காவினோ புண்ணியத்துல தப்பிச்சேன்."

பாவசங்கீர்த்தனத்தில் பொய் சொல்வது எவ்வளவு பெரிய பாவம் என்று எனக்குத் தெரியும். சொல்லிவிட்டு எழுந்து வருவேன். கோவில் வாசலில் என் மகள் எனக்காக நின்றுகொண்டிருப்பாள்.