கேரியரைக் கழற்றிய கணக்கு வாத்தியார்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சைக்கிளின் எடை யாருக்கு எவ்வளவு முக்கியம் என்று ஒரு கட்டுரை கேட்டார்கள். பந்தயக்காரருக்கு உயிர், மாடிக்குத் தூக்கிப் போகிறவருக்கு முதுகுவலி, மூட்டை ஏற்றுகிறவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை என்று எழுதினேன். அதற்குமேல் பேனா சண்டித்தனம் செய்தது. அப்போதுதான் இந்தக் கணக்கு வாத்தியார் உள்ளே நுழைந்தார்.

2

விடியற்காலைப் பனியில் அவர் மெல்ல

(வேண்டாம். பனி வந்தால் எனக்குச் சளி பிடிக்கும்.)

வாத்தியார் மேட்டுச்சாலைச் சைக்கிள் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தார். தினமும் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுவார். வந்த எண்ணிலிருந்து தன் எடையைக் கழிப்பார். தன் எடை என்று அவர் வைத்திருந்தது கல்யாணத்தின்போது இருந்த எடை. ஆகவே வாரத்துக்கு வாரம் சைக்கிள் குண்டாகிக்கொண்டே போனது. மணியைக் கழற்றினார், ஸ்டாண்டைக் கழற்றினார், மட்கார்டையும் கழற்றினார். சைக்கிள் இளைக்கவே இல்லை. [ஒரு கணக்கு வாத்தியார் இவ்வளவு மடையனா என்று கேட்காதீர்கள். எனக்குப் பாடம் எடுத்தவரை நீங்கள் பார்த்ததில்லை.]

3

கடைசியில் கேரியரில் கை வைத்தார். அதில் உட்கார்ந்துதான் அவர் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போவாள். மாமியாரும் நாத்தனார்களும் நிறைந்த வீட்டில், இருவரும் தனியாகப் பேச வாய்த்ததே அந்தக் கொஞ்ச நேரம்தான். அவள் அவர் முதுகோடு பேசுவாள், அவர் ‘ம்’ கொட்டுவார். போட்டி முடிகிறவரை பஸ்ஸில் போகச் சொன்னார்.

“வெயிட்டைக் குறைக்கப்போறேன்னு சொன்னீங்க. அந்த வெயிட் நான்தான்னு சொல்லலையே,” என்றாள்.

அவர் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கே அவரை ஓர் அறை விடலாம் போலிருந்தது.

4

ஒரு வாரம் பஸ்ஸில் போனாள். பிறகு தானே ஒரு பழைய சைக்கிள் வாங்கினாள். பிணமாகக் கனத்தது. எடை என்னவென்று அவள் கேட்கக்கூட இல்லை.

முடிவு ஒன்று: வாத்தியார் கண்ணீர் மல்க

(சீ.)

முடிவு இரண்டு: போட்டியில் முதலாவதாக வந்து

(அந்தத் தொப்பையோடா?)

நடந்தது இதுதான். எடை குறையட்டும் என்று மாட்டிய மெல்லிய டயர், போட்டிக்கு முந்தின நாள் நடுரோட்டில் வெடித்தது. பின்னால் தன் சைக்கிளில் வந்த மனைவி ஒரு காலை ஊன்றி நின்றாள்.

“இன்னிக்கு மெஷின்ல தனியா ஏறிப் பார்த்தேன்,” என்றார் அவர். “சைக்கிள் இல்ல, நான்தான் கனம். என்னையும் ஏத்திக்கிறியா?”

அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. ஏற்றிக்கொள்வாள் என்கிறவர்கள் நீங்களே போய் அவளிடம் சொல்லுங்கள். நான் மாட்டேன். அந்த ஒரு வாரமும் பஸ்ஸில் அவள் யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை.