பின்னாடியே வந்துடறோம்

காலை ஆறே முக்காலுக்குத் தம்பி மணிவேல் போன் செய்தான். ஆறு வருஷத்தில் பிறந்த வீட்டிலிருந்து மாதேஸ்வரிக்கு வந்த முதல் அழைப்பு அது.

"அக்கா, அப்பா உன்னக் கேக்கறாரு."

"கேக்கறாருன்னா? அவரே வாயத் தொறந்து கேட்டாரா?"

"ஆமாக்கா. ஆஸ்பத்திரில இனிமே ஒண்ணும் இல்ல, வூட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு முந்தாநாளே அனுப்பிட்டாங்க. நேத்தெல்லாம் பேச்சு இல்ல. இன்னிக்கு விடியக்காலைல கண்ணத் தொறந்து 'மாதி எங்க'ன்னாரு. நீ சீக்கிரம் வா."

கணவன் தினேஷ்குமார் மூன்றாவது ஷிப்டை முடித்துவிட்டு அப்போதுதான் வந்து படுத்திருந்தான். அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து சட்டையை மாட்டினான். முகம்கூடக் கழுவாமல் ஜீப் சாவியை எடுத்தான்.

"பஸ்ஸு நாட்றாம்பாளையத்தோட நின்னுடும். போன வாரம் பேஞ்ச மழைல அதுக்கு மேல ரோடே இருக்காது. நம்ம வண்டிதான் போவும். வா."

அவளுடைய ஊர் அத்திமரத்துக்கொட்டாய். நாட்றாம்பாளையத்திலிருந்து ஒன்பது கிலோமீட்டர், காட்டுக்குள்ளே ஏறும் மண்பாதை. அங்கே அப்பா ராமப்பனுக்கு மூன்று ஏக்கர் ராகிக் கொல்லை இருந்தது, வீட்டில் யாரும் எதிர்த்துப் பேசாத ஒரு சொல்லும் இருந்தது. மாதேஸ்வரியை அவளுடைய தாய்மாமன் அன்புமணிக்குக் கொடுப்பதென்று அவர்தான் முடிவு செய்திருந்தார். அந்தப் பக்கத்தில் அது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். பத்திரிகை அச்சடிக்கக் கொடுத்திருந்த வாரத்தில், ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போயிருந்த மாதேஸ்வரி தினேஷைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். "எம்பொஞ்சாதி கூடப் பொறந்தவன் மூஞ்சில கரியப் பூசிட்டா" என்று ராமப்பன் சொன்னதாகக் கேள்விப்பட்டாள். அதன்பிறகு அவர் அவள் பெயரையே சொல்லவில்லை. இரண்டு வருஷத்தில் அன்புமணி வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான், ஒரு மகனும் பிறந்தான். அப்பாவின் கோபம் மட்டும் போகவில்லை.

ஜீப் பழையது. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் தினேஷும் கம்பெனி நண்பர்களும் ஐந்தாறு ஜீப்புகளில் மலைப்பாதைகளுக்குப் போவார்கள். வழியில் எது நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். டீசல் டேங்கில் விரிசல் விட்டால் துணி சோப்பைப் பிசைந்து அடைப்பான். ரேடியேட்டர் குழாய் வெடித்தால் சைக்கிள் டியூபை அறுத்துச் சுற்றுவான். கூட்டத்தில் அவனுக்கு டாக்டர் என்று பெயர். அவனும் அந்தப் பெயரை வேண்டாமென்று சொன்னதில்லை.

அஞ்செட்டியில் வண்டியை மெதுவாக்கி, "ஏதாவது பழம் வாங்கிக்கலாமா?" என்றான்.

"வேணாம். நேரம் ஆவுது."

"ஆறு வருஷம் கழிச்சுப் போறோம், வெறுங்கையோட..."

"ஓட்டுங்க."

நாட்றாம்பாளையத்தைத் தாண்டி மண்பாதையில் நான்கு கிலோமீட்டர் நன்றாகத்தான் ஏறினார்கள். ஒரு ஓடையில் இறங்கி எதிர்க்கரையில் ஏறும்போது பின்பக்கம் படாரென்று ஒரு சத்தம். வண்டி இடதுபுறம் சாய்ந்தது. சக்கரம் எதிலோ உரசுகிற ஓசை கேட்டது. தினேஷ் இறங்கி அடியில் புகுந்து பார்த்துவிட்டு, வெளியே வராமலே சொன்னான்:

"மெயின் பட்டை உடைஞ்சிடுச்சு."

வண்டியின் பாரத்தைத் தாங்குகிற வில் பட்டைகளில் எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது அது. அது உடைந்ததில் பின் அச்சு இடம் நகர்ந்து, டயர் பாடியில் இடித்துக்கொண்டு நின்றது.

"இப்படியே மெதுவா ஓட்ட முடியாதா?"

"நூறு அடி போறதுக்குள்ள டயரு கிழிஞ்சிடும்."

போனில் சிக்னல் இல்லை. இன்னும் ஐந்து கிலோமீட்டர் இருந்தது. நடந்து போகிறேன் என்றாள். அவன் பாதையைக் காட்டினான். யானைச் சாணம், இன்னும் ஈரம் காயாமல். அவள் மறுபடி கேட்கவில்லை.

அவன் டூல் பாக்ஸை இறக்கி, ஜாக்கிக்கு அடியில் வைக்கத் தட்டைக் கல் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. ஓட்டி வந்தவனை வளைவிலேயே மாதேஸ்வரிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அன்புமணி. கொஞ்சம் பருத்திருந்தான், மீசையில் நரை. அவளுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"இன்னும் காணமேன்னு அக்காதான் அனுப்பிச்சுது" என்றான். பிறகு சாய்ந்து நின்ற ஜீப்பைச் சுற்றி வந்தான். "ஓசூர்ல இருந்து இவ்ளோ பெரிய வண்டி எடுத்துக்கினு வந்து ஓடையாண்ட படுக்க வெச்சிருக்கீங்க. எங்கூரு கழுதைங்க இதுல மூட்டையோட ஏறுது, மாப்ள."

மாப்ள என்று அந்த வீட்டார் ஒருவர் தினேஷை அழைத்தது அதுதான் முதல் தடவை. தினேஷ் சிரிக்க முயன்றான்.

"அப்பா எப்படி இருக்காரு, மாமா?" என்றாள் மாதேஸ்வரி.

அன்புமணியின் முகம் மாறியது. "நல்லா இல்ல, மாதி. மூச்சு இழுத்து இழுத்து வுடறாரு. நெனப்பு மட்டும் தெளிவா இருக்குது. நீ வண்டில ஏறு. இருபது நிமிஷத்துல கொண்டுபோய் வுட்டுடறன். மாப்ள சரிபண்ணிக்கினு வரட்டும்."

அவள் தினேஷைப் பார்த்தாள். அவன் கையில் ஸ்பானருடன் நின்றான். ஆறு வருஷம் கழித்து மாமனார் வாசலில் மகளைக் கொண்டுபோய் இறக்குவது தானாக இருக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் பரவாயில்லை, இவனாக இருக்கக் கூடாது. அது அவன் முகத்தில் எழுதியிருந்தது.

"பத்து நிமிஷம்" என்றான். "ஒரு கட்டைய வெச்சு இழுத்துக் கட்டிட்டா போதும். சேந்தே வந்துடறோம்."

அந்தப் பத்து நிமிஷத்தை அவளுக்குத் தெரியும். அவர்கள் பழகியதே அதில்தான். கம்பெனியில் மெஷின் நின்றுபோனால் மெயின்டனன்ஸிலிருந்து தினேஷ் வருவான். சூப்பர்வைசர் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால், மூடியைக்கூடத் திறந்து பார்க்காமல் பத்து நிமிஷம் என்பான். மெயின்டனன்ஸ்காரர்கள் எல்லாருமே அப்படித்தான். தெரியாது என்று அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். "பத்து நிமிஷமாண்டி, வா, போய் சாப்டுட்டே வந்துடலாம்" என்று லைனில் நிற்கும் பெண்கள் சிரிப்பார்கள். அவளும் சிரித்திருக்கிறாள்.

தெரிந்திருந்தும் அவள் அன்று அதைப் பிடித்துக்கொண்டாள். கட்டிக்கொள்ள மாட்டேன் என்று விட்டுவந்த மனுஷன் பின்னால் உட்கார்ந்து ஊருக்குள் போவதை அவளால் நினைக்க முடியவில்லை. கொட்டாய் முழுக்க வாசலில் நிற்கும். அவன் மனைவியும் நிற்பாள்.

"நீங்க முன்னாடி போங்க மாமா" என்றாள். "பின்னாடியே வந்துடறோம்னு அப்பா கிட்டச் சொல்லுங்க."

அன்புமணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "நல்லா யோசன பண்ணிக்க, மாதி."

"வந்துடறோம் மாமா."

அவன் போனான்.

தினேஷ் வேகமாகத்தான் வேலை செய்தான். ஜாக்கியில் வண்டியின் சட்டத்தைத் தூக்கி, காற்றில் விழுந்து கிடந்த ஒரு கிளையை, இரும்பு அறுக்கிற ஆக்சா பிளேடால் அறுத்து, அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே திணித்தான். அச்சு பின்னால் போகாமலிருக்க, வண்டி இழுக்கிற கயிற்றால் சுற்றினான். அவள் கயிற்றின் ஒரு நுனியைக் காலால் மிதித்துப் பிடித்தாள். அதற்கே நாற்பது நிமிஷம் போயிற்று. வண்டி புறப்பட்டது. முதல் மேட்டில் ஏறியதும் கட்டை வழுக்கி விழுந்தது, டயர் மறுபடி உரசியது.

"பச்ச மரம். மேல்தோலு வழுக்குது" என்றான், அவளைப் பார்க்காமல்.

மறுபடியும் ஜாக்கி. இந்த முறை காய்ந்த கட்டை தேடினான். முதலில் கிடைத்தது குட்டை. அடுத்தது உளுத்திருந்தது. மூன்றாவதைக் கொண்டுவந்து, தோலைச் சீவி, கயிறு நகராமல் இருக்க இரண்டு முனையிலும் வெட்டுப்போட்டான். அறுக்க அறுக்க பிளேடு உடைந்தது. பாதிப் பிளேடைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு அறுத்தான். உள்ளங்கை கிழிந்து ரத்தமும் கிரீஸும் கலந்து வடிந்தன.

"ஏங்க" என்றாள். "நான் மாமா கூடப் போயிருக்கணும்."

அவன் அறுப்பதை நிறுத்தவில்லை. "தெரியுது" என்றான். சிறிது நேரம் கழித்து, "தெரியுது மாதி. அவசரப்படுத்தாத, இந்தத் தடவை நிக்கணும்" என்றான். அவளுக்கு அவன்மேல் ஆத்திரமாக வந்தது. அந்தக் கையைப் பிடித்துக் கட்டுப்போட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் கயிற்றை இறுக்கிப் பிடித்தாள்.

இந்தத் தடவை கட்டை நின்றது. நான்கு சக்கரத்தையும் சேர்த்து, முதல் கியரில், ஆள் நடக்கிற வேகத்தில் ஏறினார்கள். ஒவ்வொரு குழியிலும் அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். அவள் பாதையை மட்டும் பார்த்தாள். அன்றைக்கு அவன் செய்தது நல்ல வேலை. நண்பர்கள் பார்த்திருந்தால் போட்டோ எடுத்திருப்பார்கள்.

கொட்டாய்க்குள் நுழையும்போது மணி பன்னிரண்டே கால். வீட்டு வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள். ஜீப்பைப் பார்த்ததும் ஒருத்தி குரலெடுத்து அழத் தொடங்கினாள். மாதேஸ்வரி வண்டி நிற்பதற்கு முன்பே குதித்தாள். யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உள்ளே அப்பா உட்கார்ந்திருந்தார். கட்டிலில், முதுகுக்குப் பின்னால் ஒரு ராகி மூட்டை வைத்து, வாசலைப் பார்த்தபடி. தலை மட்டும் தோளில் சாய்ந்திருந்தது. மணிவேல் தாடையைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டிருந்தான். அம்மா ஜோதியம்மாள் கால்மாட்டில் இருந்தாள்.

"இருபது நிமிஷம் ஆவுதுடி" என்றாள் அம்மா. "அன்பு வந்து, பின்னாடியே வந்துடறாங்க மாமான்னு சொன்னான். அதக் கேட்டதும் என்னத் தூக்கி உக்கார வெய்யின்னாரு. வேணாங்க, மூச்சு வாங்குதுன்னேன். எம்பொண்ணு வரும்போது நான் படுத்துக் கெடக்கறதா, தூக்குன்னாரு. அந்த மூட்டைய வெச்சு உக்கார வெச்சோம். அன்பு கையப் புடிச்சவரு வுடவே இல்ல. மணிவேல அனுப்பறன்னேன். எதுக்கு, வந்துக்கினுதான் இருப்பாங்கன்னாரு. வாசலப் பாத்துக்கினே இருந்தாரு."

மாதேஸ்வரி அப்பாவின் பாதங்களைப் பிடித்துக்கொண்டாள். ஏற்கெனவே குளிர ஆரம்பித்திருந்தன. அழுகை வரவில்லை.

அம்மா அவள் தலையைத் தொட்டாள். "ஏண்டி, அன்பு வண்டில ஏறி வந்திருக்கக் கூடாதா?"

மூலையில் நின்றிருந்த அன்புமணிதான் பதில் சொன்னான்.

"நாந்தான் வேணான்னேன்க்கா. பின் டயருல காத்து கம்மியா இருந்துச்சு. ரெண்டு பேரு ஒக்காந்தா தாங்காது."

அம்மா தலையாட்டினாள். நம்பிவிட்டாள். அப்படியே விட்டிருக்கலாம். அதற்குள் வாசற்படிக்கு வெளியிலிருந்து, யாரும் உள்ளே வா என்று சொல்லாததால் அங்கேயே நின்றுவிட்ட தினேஷ் பேசினான்.

"இல்லிங்க அத்த. டயரு நல்லாத்தான் இருந்துச்சு. அவரு கூப்புட்டாரு. நான்தான் அனுப்பல. சீக்கிரம் சரிபண்ணிடலாம்னு நெனச்சேன்."

வாசலில் முணுமுணுப்பு எழுந்தது. மணிவேல் விருட்டென்று எழுந்தான். அன்புமணி அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தான்.

"அவரு மட்டும் இல்லம்மா" என்றாள் மாதேஸ்வரி. "மாமா வண்டில ஏற எனக்குக் கூச்சமா இருந்துச்சு. ஊரு என்ன சொல்லுமோன்னு. நான்தான் மாமாவ முன்னாடி போகச் சொன்னேன்."

அம்மா மகளைப் பார்த்தாள், வாசலில் நின்றவனைப் பார்த்தாள். ரத்தம் காய்ந்து கறுத்திருந்த அவன் கைகளைப் பார்த்தாள். திட்டுவாள் என்றுதான் மாதேஸ்வரி நினைத்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள்.

"கையக் கழுவிக்கினு உள்ள வாங்க" என்றாள் அம்மா தினேஷிடம். "அவர வெளிய தூக்கிக் குளிப்பாட்டணும். ஆளு பத்தல."

வாசலோரத் தொட்டியிலிருந்து அன்புமணிதான் தண்ணீர் மொண்டு ஊற்றினான். தினேஷ் மண்ணை அள்ளித் தேய்த்தான். கிரீஸ் எளிதில் போகவில்லை. "இன்னும் கொஞ்சம் தேய்ங்க மாப்ள" என்ற குரல் உள்ளே கேட்டது. பிறகு அவன் தலையைக் குனிந்து நிலைப்படி தாண்டி வந்தான். அப்பாவின் தோள்களுக்கு அடியில் மணிவேலும் அன்புமணியும் கைகொடுத்தார்கள், கால்பக்கம் தினேஷ். மூன்று பேரும் ஒன்றாகத் தூக்கினார்கள். மெலிந்துபோயிருந்த அந்த உடம்பு சுலபமாக எழும்பிற்று.

அவர்கள் வாசலைத் தாண்டியபிறகு கட்டிலில் ராகி மூட்டை மட்டும் கிடந்தது. நடுவில் அப்பாவின் முதுகு பதிந்த பள்ளம். மாதேஸ்வரி அதில் கையை வைத்தாள்.

சூடு இன்னும் இருந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.