இரண்டு இரவல் நாற்காலிகள்

எங்கள் கூலியை உயர்த்துவதற்கு முன்னால் நாங்கள் எப்படிப் பிழைக்கிறோம் என்று அரசாங்கம் நேரில் வந்து பார்க்க வேண்டுமாம். சலவைக்கூடத்துக்கு ஒரு வீடு என்று கணக்கு; எங்கள் கூடத்தில் சீட்டுக் குலுக்கி ஒரு பெயரை எடுத்தார்கள். என் பெயர். என் வாழ்க்கையில் எனக்குச் சீட்டு விழுந்தது அந்த ஒரு தடவைதான்.

ஓட்டல் போர்வைகளை வெளுத்து, சூடான உருளை மெஷினில் விட்டு, மடித்து அடுக்குகிற முப்பது பெண்களும் அன்று ஒரே பாட்டைப் பாடினார்கள். உள்ளதைச் சொல், முடிந்தால் கண்ணையும் கொஞ்சம் கசக்கு என்றார்கள். எனக்கு அது பெரிய காரியமாகப் படவில்லை. என் மகளை நினைத்தாலே போதும், கண் தானாகக் கலங்கிவிடும்.

அவளுக்கு எட்டு வயது. இரண்டு வருடமாக வெளியூரில் என் அக்கா வீட்டில் இருக்கிறாள். கூடத்து வேலை முடிந்ததும் நான் ஒரு சாப்பாட்டுக்கடையில் பாத்திரம் கழுவப் போகிறேன். என் வீட்டுக்காரருக்குக் கிடங்கில் மூட்டை ஏற்றும் வேலை. பள்ளிவிட்டு வரும் பிள்ளைக்குக் கதவைத் திறந்துவிட ஆளில்லை. ஆறே மாதம் என்று சொல்லித்தான் விட்டுவிட்டு வந்தோம். கூலி ஒழுங்காக உயர்ந்தால் அந்தப் பாத்திரங்களைத் தலைமுழுகிவிட்டு அவளைக் கூட்டி வந்துவிடலாம். ஆசை யாரை விட்டது, போனில் அவளிடமே சொல்லிவிட்டேன், பெரிய லீவு முடிந்ததும் நீ இங்கேதான் என்று.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் என் வீட்டைப் பார்த்தேன். ஒரே அறை. மூலையில் அடுப்பு, குறுக்கே துணிக்கொடி, சுருட்டி வைத்த பாய். வருகிறவர் உட்கார ஒரு நாற்காலி கிடையாது. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. நேரே நெட்டையக்கா வீட்டுக்குப் போனேன். மெஷினில் அவள்தான் என் ஜோடி. போர்வையின் ஒரு முனை எனக்கு, மறுமுனை அவளுக்கு, ஒன்பது வருடமாக. இரண்டு நாற்காலி, ஒரு டேபிள் ஃபேன், பூப்போட்ட கோப்பைகள் எல்லாம் தந்தாள். திரைச்சீலையை நான் கேட்கவே இல்லை, அவளாகவே கழற்றிக் கொடுத்தாள்.

என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார்.

"நம்ம கஷ்டத்தைப் பாக்கத்தானே வர்றாங்க. இருக்கிறதை இருக்கிறபடி விடேன்."

"வீட்டுக்கு வர்றவங்களைத் தரையில உக்கார வைக்கச் சொல்றீங்களா?" என்று எரிந்து விழுந்தேன். அவர் ஃபேனைத் திருப்பி நாற்காலிப் பக்கம் வைத்தார்.

வந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். மடிப்புக் கலையாத உடை. தொழில்புத்தி, முதலில் அதைத்தான் பார்த்தேன். கோப்பையில் டீ குடித்துக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்தாள். வாரத்துக்கு எத்தனை தடவை கறி என்றாள். இரண்டு என்றேன். பிரிட்ஜ் இருக்கிறதா என்றாள். ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்றேன். என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது. ஒன்றைக் கூட்டிச் சொன்னபின் அடுத்ததைக் குறைத்துச் சொல்ல மனம் வரவில்லை. அவள் மரியாதையாகத் தலையாட்டத் தலையாட்ட நான் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பிள்ளைகளைப் பற்றிக் கேட்டாள். ஒரே பெண், அக்கா ஊரில் படிக்கிறாள் என்றேன்.

அதை அவள் உடனே எழுதவில்லை. கதவுக்குப் பின்னால் ஆணியில் மகளின் பழைய பள்ளிப்பை தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து ஒளித்து வைக்க மறந்திருந்தேன். அவள் அந்தப் பையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீங்களா விரும்பி அனுப்பினீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஆமா. அங்க ஸ்கூல் நல்ல ஸ்கூல்."

எழுதிக்கொண்டாள்.

நாலு மாதம் கழித்து அறிவிப்பு வந்தது. மேற்பார்வையாளர் அதைக் கடிகாரத்துக்குக் கீழே ஒட்டி, படித்தும் காட்டினார். உயர்வு என்று பேருக்கு ஒன்று இருந்தது. அதை நம்பி நான் ஒரு நாள்கூடப் பாத்திரம் கழுவாமல் இருக்க முடியாது. காரணமும் போட்டிருந்தார்கள். நேரில் பார்த்த வீடுகளில் அடிப்படைத் தேவைகள் பெரும்பாலும் நிறைவேறியிருக்கின்றனவாம். பிள்ளையை வெளியூருக்கு அனுப்பி நல்ல பள்ளியில் படிக்க வைக்கும் வசதிகூடச் சிலருக்கு இருக்கிறதாம்.

எனக்கு உடம்பு முழுக்க வெட்கம் பிடுங்கித் தின்றது. எந்தக் கூடத்துப் புண்ணியவதி இப்படி அளந்துவிட்டாளோ என்று கூடமே வாய்க்கு வந்தபடி திட்டியது. மடிப்பு மேஜையிலிருந்து ஒருத்தி என் பக்கம் திரும்பினாள்.

"உன் வீட்டுக்கும் வந்தாங்களே, உள்ளதைத்தானே சொன்னே?"

"உள்ளதைத்தான் சொன்னேன்."

போர்வையின் மறுமுனையில் நெட்டையக்கா நின்றாள். அவள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் கதை முடிந்திருக்கும். அவளும் இந்த உயர்வைத்தான் நம்பியிருந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் போர்வையை ஓர் உதறு உதறி மெஷினுக்குள் விட்டாள். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

வீட்டில் இவர், நம் ஒரு வீட்டை மட்டும் பார்த்தா முடிவு செய்திருப்பார்கள், விடு என்றார். அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அவர் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போன் செய்தேன். மகளிடம் எப்படிச் சொல்வது என்று காலையிலிருந்து ஒத்திகை பார்த்தது ஒன்றும் வாயில் வரவில்லை. இந்த லீவுக்கு முடியாதுபோல இருக்கிறது கண்ணு, இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள் என்று மட்டும் சொன்னேன். அழுகிறாளோ என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"பரவால்லம்மா" என்றாள். "எனக்கு இங்கதான் பிடிச்சிருக்கு. ஸ்கூல் நல்ல ஸ்கூல்மா."

குரலில் ஒரு பிசிறு இல்லை. நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு பேசுகிறாள் என்று தெரிந்தது.

"நிஜமாவா?" என்று கேட்டேன்.

"ஆமாம்மா."

சரி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.