மாப்பிள்ளை செட் போன வழி

1

இந்தக் கதை என்னுடையதல்ல. என் அக்காவை ராத்திரி பகலாக அரித்துக்கொண்டிருந்த விஷயம். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதிக்கோ. ஆனா என்னை அழ வைக்காத" என்றாள். முதல் பக்கத்திலேயே அழ வைத்திருந்தேன். அந்தப் பக்கத்தை அடித்துவிட்டேன்.

அக்கா அரசாங்க ஆய்வாளர். தீயணைப்பு நிலையங்களுக்குப் போய், வண்டி கிளம்புகிறதா, குழாய் ஒழுகுகிறதா, வீரர்கள் படுக்க ஒழுங்கான கட்டில் இருக்கிறதா, புகைக்குள் போக முகமூடி இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. அவள் 'இருக்கிறது' என்றால் இருக்கிறது. மேலே உள்ளவர்கள் யாரும் போய்ப் பார்ப்பதில்லை, அவள் பார்த்ததைத்தான் பார்க்கிறார்கள்.

இனி, தொடங்கிப் பார்த்துக் கைவிட்ட வரிகள்:

'பெயின்ட் கிடங்கிலிருந்து கரும்புகை எழுந்தபோது ஊரே' — (தீயில் தொடங்கினால் நீங்கள் தீயையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பீர்கள். வேண்டாம்.)

'அந்த ஆய்வாளர் தன் மீசையை முறுக்கியபடி' — (முதல் வடிவில் அக்காவை ஆணாக்கி மீசையும் வைத்திருந்தேன். வில்லன் கிடைத்த சந்தோஷத்தில் பக்கங்கள் மளமளவென்று ஓடின. அப்போது அக்கா வந்து மேஜையில் டீயை வைத்து, "சூடா இருக்கு, ஊதிக் குடி" என்றாள். மீசையை எடுத்துவிட்டேன்.)

'முகமூடி என்பது ஒரு குறியீடு' — (இல்லவே இல்லை. முகமூடி என்றால் ரப்பர், கண்ணாடி, தலையைச் சுற்றி ஒரு வார். அதோடு முதுகில் மாட்ட, காற்று அடைத்த சிலிண்டர். அது இருந்தால் புகைக்குள் மூச்சு விடலாம். இல்லாவிட்டால் விட முடியாது. இதில் குறிக்க என்ன இருக்கிறது?)

2

சரி, நேராகச் சொல்லிவிடுகிறேன்.

அந்த வட்டாரத்தில் தீயணைப்பு நிலையங்கள் பல. நல்ல முகமூடி எல்லாருக்கும் சேர்த்து ஒன்றுதான். மற்ற நிலையங்களில் இருப்பவை வார் அறுந்தவை, கண்ணாடி விரிசல் விட்டவை, சிலிண்டரில் காற்று நிற்காதவை. புதிது கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போன நிலைய அலுவலர்கள் ஆய்வு நாளுக்காகத் தங்களுக்குள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆய்வாளர் வரும் நாள் முன்கூட்டியே தெரியும், எந்த நிலையத்துக்குப் பிறகு எந்த நிலையம் என்பதும் தெரியும். ஆகவே முகமூடியும் சிலிண்டருமான அந்த ஒரே செட்டை ஆய்வாளருக்கு முன்னால் ஒரு பைக்கில் ஏற்றி, நிலையம் நிலையமாக அனுப்பிவிடுவார்கள்.

அதற்கு அவர்கள் வைத்த பெயர் மாப்பிள்ளை. ஏன் என்றால், நன்றாகத் துடைத்துப் பளபளவென்று வருவார், ஒரு வேலையும் செய்ய மாட்டார், எல்லாரும் தாங்குதாங்கென்று தாங்குவார்கள், பார்த்து முடித்ததும் கிளம்பிவிடுவார்.

தொலைபேசியில் இப்படிப் பேசிக்கொள்வார்களாம்:

"மாப்பிள்ளை கிளம்பிட்டாரா?"

"இப்பதான் கிளப்பி விட்டோம். மேடம் அங்க வந்துட்டாங்களா?"

"வாசல்ல நிக்கறாங்க."

"டீ குடுத்து உக்கார வையி. பிஸ்கட் குடு. ஏதாவது குறை சொல்லு, எழுதிக்கிட்டு இருப்பாங்க."

[அக்கா இதைப் படித்ததும், "எனக்குக் குடுத்த பிஸ்கட்டெல்லாம் அதுக்குத்தானா?" என்றாள். மரியாதை என்று நினைத்திருந்தாளாம். பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.]

இதை மோசடி என்று எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை. பக்கத்து வீட்டில் சர்க்கரை இல்லையென்றால் கொடுப்போமே, அப்படித்தான் அவர்கள் நினைத்திருக்கிறார்கள். மாட்டிக்கொண்டால் தண்டனை, மாட்டாவிட்டால் அன்றைய பொழுது கழிந்தது. அந்த ஒரு பொழுதுக்குள் எங்காவது தீப்பிடித்தால் என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

3

மாப்பிள்ளைக்குச் சொந்த வீடு ஏணியின் நிலையம். ஏணி என்பது ஒரு வீரர். ஆள் அவ்வளவு உயரம். கதவு வந்தாலே குனிந்துவிடுவார், உயரமான கதவாக இருந்தாலும்.

தீப்பிடித்த நாள் காலையில் அக்கா அங்கேதான் முதலில் போனாள். முகமூடியை எடுத்துக் காட்டியது ஏணிதான். வாரில் ஓர் இடம் கிழிந்து, சிவப்பு நூலால் தைத்திருந்தது.

"என்னப்பா, சிவப்பு நூலு?"

"வீட்டுக்காரி தைச்சதும்மா. தையல்தான் அவ வேலை. மெஷின்ல அந்த நூல்தான் மாட்டியிருந்துச்சாம். இழுத்துப் பாருங்க, அறுந்தா என் பேரை மாத்திக்கறேன்."

அக்கா இழுத்துப் பார்த்தாள். அறுபடவில்லை. நல்ல நிலையில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டாள். அது உண்மை.

அவள் படியிறங்கியதும் ஏணியே அதைச் சாக்கில் சுற்றி பைக்கில் கட்டிக் கொடுத்தார். "மெதுவா போடா, மாப்பிள்ளைக்கு அடிபட்டுடப் போவுது" என்று சொன்னாராம்.

மத்தியானம் இரண்டாவது நிலையம். டீ, பிஸ்கட், குறைகள். பிறகு முகமூடியைக் கொண்டுவந்தார்கள். வாரில் சிவப்பு நூல். அக்கா பார்த்தாள். அவள் பார்த்ததை அங்கிருந்த அலுவலரும் பார்த்தார். அக்கா அதையும் 'நல்ல நிலையில் இருக்கிறது' என்று குறித்தாள். அதுவும் உண்மைதான், என்ன செய்ய?

கிட்டத்தட்ட அதே நேரம், ஏணியின் நிலையத்துக்கு அழைப்பு வந்தது. பெயின்ட் கிடங்கில் தீ, உள்ளே காவலாளி. முகமூடி மாட்டும் கொக்கி காலி. ஏணி ஒரு துண்டை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு

(இந்த இடத்தில் பெரிதாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். தீயின் நாக்குகள் எல்லாம் வந்தன. எடுத்துவிட்டேன்.)

உள்ளே போனார். காவலாளியைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். காவலாளி இருமினார், தண்ணீர் கேட்டார், எழுந்து உட்கார்ந்தார். ஏணி எழுந்திருக்கவில்லை. உயிர் இருக்கிறது. நுரையீரல்தான் வெந்து போயிருக்கிறது.

4

இங்கே உங்களுக்குக் கோபம் வரும். எனக்கும் வந்தது. நூலைப் பார்த்த பிறகும் இந்தப் பெண் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாள்? கதாபாத்திரம் நம்பும்படி இல்லையே என்று அவளிடமே போய்க் கேட்டேன்.

"முன்ன ஒரு தடவை எழுதினேன்டா. வேற ஸ்டேஷன். முகமூடி இல்லன்னு பச்சையா எழுதினேன். என்ன ஆச்சு தெரியுமா? அந்த ஆபீசரைத் தூக்கி எங்கயோ போட்டாங்க. அவரு பொண்ணு பரீட்சை எழுதற வருஷம். முகமூடி வரவே இல்ல. அடுத்த தடவை போனா புது ஆபீசர் உக்காந்திருக்கார், அதே காலிக் கொக்கி. நான் எழுதினா சாமான்தானே வரணும்? ஆள்தான் மாறுச்சு."

"அதனால?"

"அதனால எழுதறதை விட்டுட்டேன். யாருக்கும் தொந்தரவு இல்லாம இருந்துச்சு. அன்னிக்கு வரைக்கும்."

இந்த இடத்தில் நான் 'அவள் கண்கள் பனித்தன' என்று சேர்த்தேன். அவள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "எங்க பனிச்சுது? வெங்காயம் நறுக்கிட்டிருந்தேன்" என்றாள்.

5

ஏணி ஆஸ்பத்திரியில் இருக்கிறார். போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சையும் கீழேயிருந்து தூக்கிக்கொண்டு வருவதுபோல இழுக்கிறார். கால்கள் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நான் எழுதுகிறவன் என்று சொன்னதும் தலையை அசைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மேலிடம் என்ன சொல்கிறது என்றால், அன்று காலை ஆய்வில் அந்த நிலையத்தில் நல்ல முகமூடி இருந்திருக்கிறது, ஆய்வாளரே பார்த்திருக்கிறார், இருந்தும் அணியாமல் உள்ளே போனது வீரரின் கவனக்குறைவு. கவனக்குறைவு என்றால் பணியில் பட்ட காயம் ஆகாது. வைத்தியம் அவர் பாடு. உடம்பு தேறினாலும் வேலை திரும்பக் கிடைக்காது. அக்கா காலையில் கண்ணால் பார்த்துச் சொன்ன உண்மைதான் அவருக்கு எதிரான ஒரே சாட்சி.

ஏணியின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். கத்துவார் என்று நினைத்தேன், கத்துகிற மாதிரி எழுதியும் வைத்திருந்தேன். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு சாதாரணமாகத்தான் பேசினார்.

"அவரு வாயத் தொறக்க மாட்டேங்கறாரு. சொன்னா ஸ்டேஷன்ல எல்லாரும் மாட்டுவாங்களாம். என்னையும் சொல்லக் கூடாதுன்னுட்டாரு. கவனக்குறைவாம். பக்கத்துக் கடைக்குப் போறதுக்கே ஹெல்மெட் போடற மனுஷன். அதைத்தான் தாங்க முடியல."

அக்கா டீயை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"நான் தைச்ச வாரை ரெண்டு எடத்துலயும் பாத்தீங்களா, மேடம்?"

"பாத்தேன்."

"அப்ப சரி" என்று எழுந்து போய்விட்டார். டீயைத் தொடவே இல்லை.

[என்னிடம் 'அப்ப சரி'க்கு நாலைந்து விளக்கங்கள் இருக்கின்றன. ஒன்றையும் இங்கே போடப் போவதில்லை. அக்கா அன்று முழுக்க அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.]

6

விசாரணை வைத்திருக்கிறார்கள். அக்காவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆகவே முடிவுகளை எழுத ஆரம்பித்தேன்.

முடிவு அ: அக்கா எழுந்து எல்லாவற்றையும் போட்டு உடைக்கிறாள். அரங்கமே திகைக்கிறது. ஏணிக்கு நியாயம் கிடைக்கிறது. லாரி நிறைய புது முகமூடிகள் வந்து இறங்குகின்றன. (லாரி வந்ததும் எனக்கே கை கூசியது. அக்கா வேலை போகும், அதைச் சொல்லாமல் லாரியை மட்டும் சொன்னால் எப்படி?)

முடிவு ஆ: அக்கா பேசாமல் இருந்துவிடுகிறாள். ஏணி வீட்டுக்குத் திரும்புகிறார். மனைவி தையல் மெஷினை ஓட்டுகிறார். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவர் மூச்சு — (மேலே எழுதவில்லை.)

முடிவு இ: ஏணியே விசாரணைக்கு வந்து பேசுகிறார். (அக்கா படித்துவிட்டு, "மூச்சு விடவே திணர்றவரைப் பேச வைக்கிறியே, உனக்கு அறிவிருக்கா?" என்றாள். இல்லைதான்.)

இதற்கிடையில் இன்னொரு செய்தி. விபத்து நடந்துவிட்டதல்லவா, அரசாங்கம் சும்மா இருக்குமா? எல்லா நிலையங்களிலும் உடனடியாக ஆய்வு நடத்த உத்தரவு போட்டிருக்கிறது. வேறொரு ஆய்வாளர் கிளம்பிவிட்டார். எந்த நாள் எந்த நிலையம் என்று முன்கூட்டியே அறிவித்தும் விட்டார்கள்.

ஆக, நான் முடிவை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் மாப்பிள்ளை மறுபடியும் பைக்கில் போய்க்கொண்டிருக்கிறார். எந்த நிலையத்துக் கொக்கி இப்போது காலி என்று எனக்குத் தெரியாது. உங்கள் தெருவுக்கு எந்த நிலையத்து வண்டி வரும் என்று உங்களுக்குத் தெரியுமா? இதை எழுதியதிலிருந்து நான் அடுப்பை அணைத்தேனா என்று எழுந்து எழுந்து போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

7

இன்று காலை அக்கா புடவை கட்டிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். விசாரணைக்குக் கிளம்ப வேண்டும்.

"நீதான் விசாரணை ஆபீசர். கேள்வி கேளு. சொல்லிப் பழகிக்கறேன்."

தொண்டையைச் செருமிக்கொண்டேன். "நீங்கள் ஆய்வு செய்தபோது அந்த நிலையத்தில் முகமூடி நல்ல நிலையில் இருந்ததா?"

"இருந்தது."

"நன்றி. நீங்கள் போகலாம்."

அக்கா முறைத்தாள். "இப்படித்தான்டா அவங்களும் கேப்பாங்க. ஆமான்னு சொல்லிட்டு நானும் வீட்டுக்கு வந்துடலாம். பொய்யும் இல்ல. நீ ஒழுங்கா கேளு."

"எப்படிக் கேக்கறது?"

"மத்தியானம் அந்த முகமூடியை எங்க பாத்தேன்னு கேளு."

"யாரும் கேக்கலன்னா நீயே சொல்லிடேன்."

"கேட்டா சொல்லிடுவேன். சத்தியமா. ஆனா யாரும் கேக்காம நானா எந்திரிச்சு நின்னு... முடியாதுடா. அங்க போய் உக்காந்ததும் எனக்கு வீடு ஞாபகம் வரும், வேலை ஞாபகம் வரும். என்னைப் பத்தி எனக்குத் தெரியும். யாராவது கேக்கணும்."

காத்திருந்தாள். ஏணி மூச்சு இழுப்பதை இந்தக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவன் நான். அவர் மனைவி உட்கார்ந்த நாற்காலி இதோ எதிரில் இருக்கிறது. அப்படியும், என் அக்காவை யாரும் எதுவும் கேட்டுவிடக் கூடாது என்றுதான் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. இவ்வளவு பக்கம் நியாயம் எழுதியவன் ஒரு வரி கேட்க மாட்டேன் என்கிறேன். திட்டிக்கொள்ளுங்கள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று அவள் எழுந்தாள். செருப்பு மாட்டும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு போய்விட்டாள்.

விசாரணை பொது விசாரணைதான். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், கையைத் தூக்கிக் கேள்வி கேட்கலாம் என்று வாசலில் ஒட்டியிருக்கிறார்களாம். யாரும் வருவதில்லை, பின்வரிசை நாற்காலிகளில் தூசிதான் உட்கார்ந்திருக்கும் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். அவள் போய்ச் சேர இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். கேள்வி உங்களுக்குத் தெரியும். மத்தியானம் அந்த முகமூடியை எங்கே பார்த்தீர்கள்? இவ்வளவுதான். நீங்கள் கேட்டால் இந்தக் கதைக்கு ஒரு முடிவு வரும், கேட்காவிட்டால் வேறொன்று வரும்.

நான் வரவில்லை. நான் அவளுடைய தம்பி.