லிஃப்டில் மாட்டியவருக்குப் பேச்சுத்துணை

லிஃப்ட் கம்பெனியின் அவசர போனில் உட்காருகிறவனுக்கு ஒரே ஒரு விதிதான். நடுவழியில் மாட்டிக்கொண்டவர் கூப்பிட்டால், மெக்கானிக் போய்க் கதவைத் திறக்கும்வரை அவரோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் யாராலும் தாங்க முடியாத தனக்கு இந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று அவனுக்கே புரிந்ததில்லை. அவன் வாயைத் திறந்தால், சொந்த அண்ணியே அடுப்பை அணைத்தேனா பார்க்கிறேன் என்று எழுந்து போவாள். ஆபீஸில் அவன் பெயர் பிளேடு.

போன வாரம் புகார் வேறு வந்துவிட்டது. "லிஃப்ட் நின்றதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், அந்தப் பையன் நிற்காமல் பேசியதைத்தான் பொறுக்க முடியவில்லை" என்று ஒரு வக்கீல் எழுதியிருந்தார். சூப்பர்வைசர் அக்கா அதைப் படித்துக் காட்டி, இன்னொன்று வந்தால் சீட்டுக் கிழிந்துவிடும் என்றார்.

அவன் முறைப்படி வேலையில் இறங்கினான். தான் படிக்கும் மாலை வகுப்பில் யார் பேச்சை எல்லோரும் ரசிக்கிறார்கள் என்று நான்கு நாள் கவனித்து, அவர்கள் கேட்கிற மாதிரி பதினாறு கேள்விகளைக் கட்டம் போட்டு எழுதி, போனுக்குப் பக்கத்தில் ஒட்டினான்.

செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு நர்ஸ் மாட்டினார். தொடர்ந்து இரண்டு ஷிஃப்ட் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர். அவருக்கு மூச்சு வாங்குவது போனில் நன்றாகவே கேட்டது. மூன்றாவது கேள்வியில் அவர் பொறுமை போய்விட்டது.

"தம்பி, நான் இங்க உசுரக் கையில புடிச்சிட்டு நிக்கிறேன். நீங்க எந்தக் கலர் பிடிக்கும்னு கேக்குறீங்க. இது கீழ விழுமா, விழாதா? அதச் சொல்லுங்க."

பட்டியலில் அதற்கு வழியில்லை. வேறு வழியில்லாமல் தனக்குத் தெரிந்ததைச் சொல்ல ஆரம்பித்தான். மேலே ஆறு கம்பி வடங்கள், ஒன்றே ஒன்று இருந்தாலும் தாங்கும் என்றான். பிரேக்குக்கு வந்தான். அங்கிருந்து பராமரிப்புப் பதிவேட்டுக்கு. அதில் எத்தனை பத்திகள், எதில் யார் கையெழுத்து, எந்த மையில். நர்ஸின் "ம்" மெல்ல மெல்லக் குறைந்து, நின்றே போனது.

மயங்கிவிட்டாரோ? மெக்கானிக்கை விரட்டினான். கதவைத் திறந்ததும் மெக்கானிக் போனில் கூப்பிட்டார்.

"சுவத்துல சாஞ்சு குறட்டை விடுறாங்கடா. என்னடா பண்ணுன?"

"பதிவேட்டைப் பத்திச் சொன்னேண்ணே."

"அது போதுமே."

சாயங்காலம் நர்ஸிடமிருந்து போன் வந்தது. அக்கா பேசி முடிக்கும்வரை, அடுத்த வேலைக்கு எங்கே விண்ணப்பிப்பது என்று அவன் மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தான்.

"புகார் இல்லப்பா," என்றார் அக்கா. "பகல்ல தூக்கம் வரலைன்னா உனக்குப் போன் பண்ணலாமான்னு கேக்குறாங்க."

வேலை தப்பியது. சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தீர்மானிக்க அவனுக்கு இரண்டு நாள் பிடித்தது. இப்போதெல்லாம் மாட்டிக்கொண்டவர் ரொம்பவும் பதறினால்தான் லைனை அவனுக்கு மாற்றுகிறார்கள். கோபமாக இருக்கிறவர்களுக்கு வேறு ஆள்.