முனாஸ் பாய்ந்த பக்கம்

கடையின் ஷட்டரில் கறுப்புப் பெயின்ற்றால் இரண்டே சொல் எழுதியிருந்தார்கள்: ‘விலை என்ன?’ முனாஸ் பூட்டின் திறப்பைக் கையில் வைத்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அலவத்துகொட சந்தியில் காலை பஸ்ஸுக்கு நிற்பவர்கள் எல்லோரும் அதை வாசித்திருப்பார்கள். மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்திருந்த அவன் மனைவி பஸ்னா இறங்கவில்லை. அவன் ஷட்டரை மேலே தள்ளினான். எழுத்து சுருண்டு மறைந்தது. உள்ளே செருப்பு, சப்பாத்துப் பெட்டிகள் வழக்கம்போல் அடுக்கியிருந்தன. சாயங்காலம் கடையைச் சாத்தும்போது அந்த இரண்டு சொல்லும் மறுபடி இறங்கி வரும் என்று அவள் நினைத்தாள்.

முந்தின ஞாயிற்றுக்கிழமை கம்பளை அணியோடு நடந்த ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் எதிரணிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. பதின்மூன்று வருடமாக ஊர் அணிக்குக் கோல் காக்கும் முனாஸ் அன்று எந்தப் பக்கமும் பாயவில்லை. நடுவிலேயே நின்றான். பந்து அவ்வளவு வேகமில்லாமல் இடது மூலையால் உள்ளே போனது. யாரோ போனில் எடுத்த வீடியோ இரவுக்குள் ஊர் முழுக்கச் சுற்றிவிட்டது. பதினொரு வினாடி. அதில் ஒரு மனிதன் தன் வாசலுக்குள் பந்து போவதைச் சும்மா நின்று பார்க்கிறான். எவ்வளவு கிடைத்தது என்று முதலில் கேட்டவன் பகிடியாகத்தான் கேட்டிருப்பான். மூன்றாம் நாள் அதில் பகிடி இருக்கவில்லை.

அவனை அப்படி நிற்கச் சொன்னது பஸ்னா. அது அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். அவள் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவள். பெனால்டி என்றாலே அவளால் ஓரிடத்தில் இருக்க முடியாது. கையில் ஒரு வேலை இருந்தால் அந்த நேரம் கழிந்துவிடும் என்றுதான் முதலில் ஒரு கொப்பியில் குறிக்கத் தொடங்கினாள். யார் அடித்தது, பந்து எங்கே போனது, காப்பாளர் எந்தப் பக்கம் பாய்ந்தார். நான்கு வருடத்தில் அறுபத்து நான்கு பெனால்டிகள். பதினெட்டுப் பந்துகள் நேராக நடுவுக்கு வந்திருந்தன. காப்பாளர்கள் நடுவில் நின்றதோ இரண்டே தடவை. மற்ற எல்லாத் தடவையும் அவர்கள் ஒரு பக்கம் பறந்துகொண்டிருந்தார்கள். அடிக்கிறவர்களுக்கும் அது தெரிந்திருந்தது.

“பாயாம நின்டா நாலுல ஒண்டு உங்கட நெஞ்சுக்கே வரும்” என்று அவள் சொன்னபோது அவன் சிரித்தான்.

“வந்தாச் சரி. வராட்டி?”

 பாய்ந்து கோல் விட்டவனையும் நின்று கோல் விட்டவனையும் ஊர் ஒரே மாதிரி மன்னிக்குமா என்பதை அவள் கணக்கில் சேர்த்திருக்கவில்லை.

வியாழக்கிழமை மகள் றிப்தா பள்ளிக்கூடத்தால் வந்து புத்தகப் பையைக் கழற்றாமலே கேட்டாள். “உம்மா, வாப்பா கம்பளைக்காரங்கட்ட சல்லி எடுத்தாங்களா?” ஏழு வயது. பஸ்னா அவளுடைய சப்பாத்து நாடாவை அவிழ்க்கக் குனிந்தாள். முடிச்சு அவிழவில்லை. 

அன்று மாலை அணித் தலைவன் றிஸ்வி வீட்டுக்கு வந்தான், முனாஸுக்கு இளையவன். கதிரையின் நுனியில் உட்கார்ந்தான். தேநீரைத் தொடவில்லை.

“முனாஸ் நானா, பந்து புடிபடாட்டியும் பரவால்ல. பாயுங்க. எந்தப் பக்கமெண்டாலும் பாயுங்க. ஆக்கள் பாக்கிறது அத மட்டுந்தான். ஞாயித்துக்கெழமையும் அப்பிடி நின்டா, கிரவுண்டுல இருந்து ஒங்கள வெளிய கூட்டிட்டு வர எனக்கு ஏலுமோ தெரியா.”

பஸ்னா கதவடியில் நின்றபடி சொன்னாள். “நான்தான் நிக்கச் சென்னேன், றிஸ்வி.”

றிஸ்வி முதலில் முனாஸைப் பார்த்தான். பிறகு நிலத்தைப் பார்த்தான். “இத வெளிய செல்லிராதீங்க மதினி. சல்லிக்கு நின்ட எண்டா கோவப்படுவாங்க. பொஞ்சாதி செல்லி நின்ட எண்டா சிரிப்பாங்க. அது நானாவுக்கு இதவிட மோசம்.”

ஞாயிறன்று போகம்பரை மைதானத்தில் புசல்லாவை அணியோடு கடைசி ஆட்டம். சமநிலையில் முடிந்தாலே கிண்ணம் ஊருக்கு வரும். காலையில் முனாஸ் சமையலறையில் நின்றபடியே பிளேன்டீ குடித்தான்.

“புசல்லாவைக்குப் பெனால்டி வந்தா பிரதீஸ்தான் அடிப்பான். என்ன செய்ய?”

அதிகாலை சுபஹுத் தொழுகை முடிந்ததும் அவள் கொப்பியில் அவனுடைய கணக்கைப் பார்த்து வைத்திருந்தாள். பிரதீஸ் அடித்தவை ஐந்து. அதில் நான்கு நடுவுக்கு. ஷட்டரும் அந்தப் பதினொரு வினாடியும் கதிரை நுனியில் இருந்த றிஸ்வியும் எல்லாம் அவள் கண்முன் வந்தன.

“வலது பக்கம்” என்றாள். “நல்லாப் பாயுங்க.”

அவன் தேவைக்கு அதிகமாக ஒரு கணம் அவளைப் பார்த்தான். “சரி” என்று கோப்பையைக் கழுவி வைத்தான்.

ஹந்தானையிலிருந்து மழை இறங்கிவந்து புல்லை நனைத்துவிட்டுப் போயிருந்தது. எண்பத்திரண்டாவது நிமிடம் வரை இரு பக்கமும் கோல் இல்லை. அப்போது விசில் கேட்டது. நடுவர் பெனால்டிப் புள்ளியைக் காட்டினார். புசல்லாவைப் பக்கம் ஆரவாரம் எழுந்தது. ஊர்ப் பக்கம் சத்தமே இல்லாமல் போனது பஸ்னாவை அதைவிடப் பயமுறுத்தியது. பின்வரிசையில் ஒரு குரல், “இண்டைக்காவது அசையிறானா பாப்பம்” என்றது.

பிரதீஸ் பந்தை வைத்துவிட்டு ஆறு அடி பின்னால் போனான். நில்லுங்க என்று கத்தலாம். இவ்வளவு தூரத்துக்குக் கேட்காது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். யா அல்லாஹ், வலது பக்கம் போகட்டும் என்று மட்டும் கேட்டாள். முனாஸ் அதைப் பிடிக்க வேண்டும் என்று கேட்கவில்லை என்பது அவளுக்குப் பிறகுதான் உறைத்தது.

முனாஸ் பாய்ந்தான். உடம்பு முழுவதும் நீண்டு, ஈரப் புல்லில் சறுக்கி, கம்பம் வரைக்கும் போனான். பந்து அவன் நின்ற இடத்தாலேயே உள்ளே போனது.

“என்னா பாய்ச்சல்” என்றது அதே குரல். “பாவம், மனுஷன் ஏலுமானதச் செஞ்சிட்டான்.” சிலர் கை தட்டினார்கள்.

கிண்ணம் புசல்லாவைக்குப் போனது. வெளிவாசலில் ஆட்கள் வந்து முனாஸின் தோளைத் தட்டினார்கள். ஒரு வாரமாகக் கடைப்பக்கம் வராதவர்களும் வந்தார்கள். அவன் அணி வேனில் ஏறாமல் பஸ்னாவோடு மாத்தளை பஸ்ஸில் ஏறினான். ஜெர்சியின் வலப்பக்கம் முழுக்கச் சேறு. பஸ் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டியது.

“காலையில நான் சென்னது…” என்று தொடங்கினாள்.

“பிரதீஸ் எங்க அடிப்பான் எண்டு எனக்குத் தெரியாதா பஸ்னா” என்றான் அவன், வெளியே பார்த்தபடி.

முன் சீற்றில் இருந்த பெரியவர் திரும்பி, “நல்லாப் பாய்ஞ்சீங்க தம்பி” என்றார். முனாஸ் சிரித்துத் தலையாட்டினான். அவர் திரும்பிய பிறகும் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. கையுறைகளை அவன் இன்னும் கழற்றவில்லை. அவற்றோடேயே முன் சீற்றுக் கம்பியை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தான். ஒவ்வொரு தரிப்பிலும் பஸ் நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். பிடி தளரவில்லை. கையுறை நுனிகளிலிருந்து மண்நீர் சொட்டுச் சொட்டாக அவள் காலடியில் விழுந்துகொண்டிருந்தது.