மைக்கில் கேட்ட குறுக்கெழுத்து

மாதத்தின் கடைசி சனிக்கிழமை பேப்பரில் பெரிய குறுக்கெழுத்துக் கட்டம் வரும். அதைப் பிழையில்லாமல் முடித்து, மதியம் பன்னிரண்டு மணிக்குள் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், மறுநாள் ஞாயிறு மலரில் நம் பேரும் ஊரும் அச்சாகும். பரிசு கிரிசு ஒன்றும் கிடையாது. பேர் மட்டும்தான். எனக்கு அது போதும். சேலத்திலிருந்து பேர் வருகிறது, திருச்சியிலிருந்து வருகிறது, காரைக்குடிக்காரர் ஒருவர் மாதம் தவறாமல் வந்து என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிறார். எங்கள் பாப்பாரப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பேர்கூட வந்து நான் பார்த்ததில்லை. வருகிற முதல் பேர் சகாயமேரி என்று இருக்க வேண்டும். இதை ஆசை என்று சொன்னால் பொய். வெறி.

தினமும் வருகிற சின்னக் கட்டத்தை நான் தனியாகப் போடுவதில்லை. அண்ணன் தம்பி இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து எங்களுக்கு ஒரே பேப்பர். என் வீட்டுக்காரர் மூத்தவர். இளையவரின் பெண்டாட்டி ஆக்சிலியா. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவுக்கு ஒரு சுவர். காலையில் பேப்பர் என் வீட்டுக்கு வரும். அடுப்பு வேலைக்கு நடுவே தெரிந்ததையெல்லாம் பென்சிலால் போட்டுவிட்டு, பேப்பரைச் சுவர்மேல் வைத்து ஒரு கல்லைத் தூக்கி மேலே வைப்பேன். மத்தியானம் போய்ப் பார்த்தால் நான் விட்ட கட்டமெல்லாம் நிரம்பியிருக்கும். பழைய சொல், பைபிள், செடி கொடி, வைத்தியம் எல்லாம் என் பங்கு. விளையாட்டு, வெளிநாடு, சினிமா எல்லாம் அவள் பங்கு. கல்யாணத்துக்கு முன்பு ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போனவள். ஹாஸ்டல் டிவியில் அவள் பார்க்காத ஆட்டம் இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. போன வருஷம் அவள் மகள் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கினாள்; அந்தப் புதுநன்மை விருந்தோடு பேச்சு நின்றுபோனது. அன்றைக்குப் பந்தி மேல் பந்தியாக ஊரே சாப்பிட்டது. எங்கிருந்தோ வந்த தூரத்துச் சொந்தத்தையெல்லாம் கையைப் பிடித்து இழுத்துப்போய் இலையில் உட்கார வைத்தாள். என்னை மட்டும் ஒரு வார்த்தை கூப்பிடவில்லை. நானும் பார்த்தேன், பார்த்தேன், பொறுமை போய்விட்டது. விறுவிறுவென்று வீட்டுக்கு வந்து பழைய சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டுப் படுத்தேன். அன்று மூடிய வாயை நான் திறக்கவில்லை. அவளும் திறக்கவில்லை. பேப்பர் மட்டும் சுவர் தாண்டிப் போய் வந்துகொண்டிருந்தது.

இந்தச் சனிக்கிழமை எனக்கு என்ன பிடித்ததோ தெரியவில்லை, கட்டம் மளமளவென்று விழுந்தது. பதினொரு மணி தாண்டியபோது ஒரே ஒரு சொல்தான் மிச்சம். பெரிய கட்டத்தில் இவ்வளவு கிட்டத்தில் நான் வந்ததே இல்லை. 'பிரெஞ்சு ஓப்பன் டென்னிஸ் ஆடப்படும் தரை.' நான்கு எழுத்து, இரண்டாவது எழுத்து 'ளி'. டென்னிஸ் ஆடுகிற ஆளையே நான் நேரில் பார்த்ததில்லை, தரையை எங்கே போய்ப் பார்ப்பது?

பேப்பரைச் சுவர்மேல் வைத்துக் கனைத்தேன். பதில் இல்லை. ஒரு குண்டானைத் தூக்கித் தரையில் போட்டேன். அதற்கும் ஆள் வரவில்லை. எட்டிப் பார்த்தால் கதவில் பூட்டு. தக்காளி பறிக்கக் காட்டுக்குப் போய்விட்டாள். அவள் நம்பர் என் போனில் இருக்கிறது. ஆனால் போன் பண்ணினால் நான்தான் முதலில் பேசினேன் என்று ஆகிவிடுமே! செத்தாலும் செய்யமாட்டேன். போனிலேயே விடையைத் தேடலாமே என்று நீங்கள் கேட்கலாம். அது பிட் அடிப்பது. மனுஷரைக் கேட்டால் தப்பில்லை. இது நான் எனக்கே போட்டுக்கொண்ட சட்டம்.

மனுஷரைக் கேட்பது என்று நினைத்ததும் கோயில் மைக் ஞாபகம் வந்தது. பேப்பரைச் சுருட்டிக்கொண்டு ஓடினேன். எங்கள் கோயிலின் கூம்பு ஸ்பீக்கர் சத்தம் காடு கழனி எல்லாம் கேட்கும். சாவு, கரண்ட் கட், ரேஷன் சர்க்கரை எல்லாமே அதில்தான் சொல்வார்கள். சாமியாருக்கு ஒத்தாசையாகக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் சவரி மெழுகுவத்திப் பீடத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"உபதேசியாரே, மைக்கப் போடுங்க. அவசரம்."

"யாரும்மா தவறிட்டாங்க?"

"ஒருத்தரும் தவறல. பேப்பர்ல ஒரு கேள்வி."

அவர் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார். "கேள்விக்கெல்லாம் மைக் போட்டா சாமியாரு என்னை வூட்டுக்கு அனுப்பிடுவாரும்மா."

"சாமியாருதான் தருமபுரிக்கு மீட்டிங் போயிருக்காரே. நம்ம ஊரு பேரு பேப்பர்ல வரப்போவுது. நீங்க மாட்டேன்னா, உபதேசியாரு கெடுத்துட்டாருன்னு நான் மைக் இல்லாமயே ஊருக்குச் சொல்லிக்கறேன்."

என் தொண்டையைப் பற்றி அவருக்குத் தெரியும். சுவிட்சைப் போட்டார்.

"ஊர் மக்களுக்கு ஓர் அறிவிப்பு. பிரெஞ்சு ஓப்பன் டென்னிஸ் எந்தத் தரையில ஆடுவாங்க? நாலு எழுத்து, ரெண்டாவது எழுத்து 'ளி'. தெரிஞ்சவங்க உடனே கோயிலுக்கு வந்து சகாயமேரிகிட்டச் சொல்லவும்."

அவ்வளவுதான், ஊர் கிளம்பிவிட்டது! பால் சொசைட்டியில் நின்றிருந்தவர்கள் கேனை அப்படியே வைத்துவிட்டு வந்தார்கள். ஒருவர் புல்தரை என்றார். நாலு எழுத்துதான், ஆனால் 'ளி' எங்கே? இன்னொருவர் சிமெண்ட் என்றார். டிராக்டரை நிறுத்தாமலேயே சாணித் தரை என்று கத்திவிட்டுப் போனார் ஒருவர். வெள்ளைக்காரன் சாணியில் ஆடுவானா என்று இரண்டு பேர் அவரை விட்டுவிட்டுத் தங்களுக்குள் சண்டை பிடித்தார்கள். கடிகாரத்தைப் பார்ப்பதா, காட்டுப் பாதையைப் பார்ப்பதா? உண்மையைச் சொல்கிறேன், நான் காட்டுப் பாதையைத்தான் பார்த்தேன்.

வந்தாள். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, கையெல்லாம் தக்காளிக் கறையோடு ஓட்டமும் நடையுமாக வந்தாள். கூட்டம் வழிவிட்டது. என்னை ஏறெடுத்தும் பார்க்காமல் நேராகப் போய் உபதேசியார் கையிலிருந்த மைக்கை வாங்கினாள்.

"அந்தக் கேள்வியக் கேட்டவங்களுக்குச் சொல்றேன். களிமண்."

அவள் குரல் கூம்பு ஸ்பீக்கரில் ஊர் முழுக்க ஒலித்தது. நான் விரல் விட்டு எண்ணினேன். க, ளி, ம, ண். சரியாக நாலு! கூட்டம் கைதட்டியது. நான் துள்ளிக் குதித்தேன், இந்த வயதில், கோயிலுக்குள். பென்சிலைத் தேடினேன். முந்தானை முடிச்சில் இருந்தது. நேரம் இன்னும் இருந்தது. எழுத வேண்டியது, படமெடுக்க வேண்டியது, அனுப்ப வேண்டியது. ஆனால் அவள் மைக்கைக் கொடுக்கவில்லை.

"இப்ப நான் ஒரு கேள்வி கேக்கறேன். என் புள்ள புதுநன்மைக்கு வந்துட்டு ஒருத்தங்க சாப்புடாமப் போனாங்க. எதுக்குன்னு சொல்லச் சொல்லுங்க."

ஊரே கேட்டுக்கொண்டிருக்கிறது. சும்மா விடுவேனா? மைக்கைப் பிடுங்கினேன்.

"கூப்புடாத பந்தியில போயி உக்கார நான் என்ன நாதியத்தவளா? அதையும் சொல்லச் சொல்லுங்க!"

அவள் திரும்பப் பிடுங்கினாள். "வூட்டுக்காரிய யாருங்க பந்திக்குக் கூப்புடுவாங்க? விருந்தாளியத்தான் கூப்புடுவாங்க! ஊரு சனம் சாப்புட்டு முடிச்சதும் அண்டாவ வழிச்சி அவங்களும் நானும் ஒண்ணா உக்காரலாம்னு ரெண்டு எல தனியா எடுத்து வெச்சிருந்தேன். தேடறேன், தேடறேன், ஆளக் காணோம். எனக்கு அன்னிக்குச் சோறு எறங்குச்சான்னு யாராச்சும் கேட்டாங்களா?"

"கதவத் தட்டிக் கேட்டிருக்கலாம்ல?"

"தட்டுனனே! தூங்கற மாதிரி கெடந்தீங்க!"

அவள் தட்டியது எனக்குக் கேட்டது. கேட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். என் பிறந்த வீட்டிலும் விசேஷம் என்றால் வீட்டுப் பெண்கள் கடைசியில்தான் உட்காருவோம். எங்களை யாரும் கூப்பிட்டதில்லை, நாங்களும் எதிர்பார்த்ததில்லை. இவள் என்னை வீட்டுக்காரியாக வைத்திருக்கிறாள். நான்தான் விருந்தாளியாகி முறைத்துக்கொண்டு போயிருக்கிறேன். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வருமா? மைக்கை வாங்கி, அவள் கறியில் அன்றைக்கு உப்பு அதிகம் என்று கேள்விப்பட்டதாகச் சொன்னேன். அவள் வாங்கி, சாப்பிடாதவர்களுக்கு உப்பு எப்படித் தெரியும் என்றாள். இப்படியே மைக் அவள் கைக்கும் என் கைக்கும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது. இதற்குள் யாரோ சாமியாருக்குப் போன் போட்டு, அவர் உபதேசியாரைத் திட்டி, உபதேசியார் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார். நாங்கள் அதைக் கவனிக்கவே இல்லை. செத்த மைக்கை வைத்துக்கொண்டு, ஒரு முழ தூரத்தில் நின்று, நேருக்கு நேர் பேசிக்கொண்டிருந்தோம்.

அப்போது கோயில் மணி அடித்தது.

பழக்கதோஷத்தில் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திச் சிலுவை போட்டுக்கொண்டோம். மூவேளை செபத்தை முணுமுணுக்க ஆரம்பித்தோம். பாதியில் எனக்கு உறைத்தது. இது மதிய மணி. மணி பன்னிரண்டு! பேப்பரை விரித்தேன். அந்த நாலு கட்டமும் வெள்ளையாகவே இருந்தது. இன்னும் எழுதக்கூட இல்லை.

எனக்கு வந்த கோபத்தில் கண்ணில் தண்ணீர் முட்டியது. கையில் கிடைத்ததை நழுவவிட்டேனே! இனி ஒரு மாதம் போகவேண்டும். இப்படி ஒரு கட்டம் இனி எனக்கு விழுமோ விழாதோ! பேப்பரைச் சுருட்டி அவள் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டேன்.

"ஒரு வருசம் வாய மூடிட்டுக் கெடந்தவளுக்கு, இன்னும் பத்து நிமிசம் பொறுக்க முடியலையாடி?"

அவள் அடியைத் தடுக்கவில்லை. தக்காளிக் கையோடு மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"முடியலக்கா" என்றாள்.

எனக்கும்தான் முடியவில்லை. அதை அவளிடம் சொன்னேன்.